அண்ணையின் நாய்க்கடி

மலம் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும் என்கிறார்கள். அதனால் இங்கே முடிந்தவரை மலம் என்றே எழுதுகிறேன். என் வாயில் வருவது வேறு சொல்.

கனடாவில், மொன்றியல் நகரத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. மனிதக் குடலில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்கிறோம். ஆட்கள் டப்பாவில் அடைத்துத் தரும் மலத்தை உப்புத் தண்ணீர் விட்டுப் பிளெண்டரில் அடித்து, வடித்து, காற்றுப் புகாத ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம். பெட்டியின் சுவரில் நீளமான ரப்பர் கையுறைகள் பொருத்தியிருக்கும். அவற்றுக்குள் கைவிட்டுத்தான் வேலை செய்யவேண்டும். நாங்கள் மூச்சுவிடும் காற்றுப் பட்டால் அந்தக் கிருமிகளில் முக்கால்வாசி செத்துப்போகும். கலியாண மண்டபங்களில் "பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டவர்களுக்கு இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள்.

என் பேராசிரியர் சாதுவான மனிதர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வந்தால், "உங்கள் வயிற்றுக்குள் கோடிக்கணக்கான நண்பர்கள் ஒற்றுமையாக வாழ்கிறார்கள்" என்று சொல்லிக் கொடுப்பார். நான் பின்னால் நின்று பல்லைக் கடிப்பேன். ஒற்றுமையாம்! ஒருத்தன் பக்கத்தில் இருப்பவனுக்கு நஞ்சு கக்குகிறான். இன்னொருத்தன் தன் உடம்புக்குள் மடக்கி வைத்திருக்கும் ஈட்டியால் அயலவனைக் குத்துகிறான். குத்துப்பட்டவன் உடைந்து சிந்துவதை மூன்றாமவன் நக்கித் தின்கிறான். அங்கே அமைதி இருப்பது உண்மை. எல்லாரிடமும் ஆயுதம் இருப்பதால் வந்த அமைதி அது. புதிதாக ஒரு கெட்டவன் வந்தால் அவனுக்கு இருக்க இடமும் தின்னச் சாப்பாடும் கிடைக்காதபடி இந்தச் சண்டைக்காரர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் வளர்ந்த எனக்கு இது படித்த முதல் நாளே விளங்கிவிட்டது.

எங்கள் வீடு என்றால் அம்மா, அண்ணை, நான். அப்பா யாழ்ப்பாணத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணை என்னைவிட நாலு வயது மூப்பு. அகதியாக வந்திறங்கிய மறுகிழமையே ஓர் உணவகத்தில் சட்டி தேய்க்கப் போனவர். என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. "தங்கச்சி எக்கவுண்டனுக்குப் படிக்கிறாள்" என்று நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸில் அவர் சொல்லாத ஆள் கிடையாது. எனக்கோ அந்தக் கணக்காளர் படிப்பு வேப்பங்காய். இரண்டாம் வருஷம் ஒருவருக்கும் சொல்லாமல் நுண்ணுயிரியலுக்கு மாறிவிட்டேன். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிரெஞ்சுக் கடிதம் ஒன்று அண்ணையின் கையில் அகப்பட்டது. அதைக் கீழே இருந்த டெப்பனர் என்கிற மூலைக்கடைக்காரனிடம் கொண்டுபோய் வாசிக்கக் கொடுத்திருக்கிறார். அவன் வாசித்துச் சொன்னபோது கடையில் எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்களாம். அந்த வெளிப்படிக்கட்டில் அவர் ஏறிவந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் சிங்க்குக்கு முன்னால் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்னடி படிக்கிறாய் நீ?"

"கிருமி."

கன்னத்தில் அறை விழுந்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஓம், கிருமிதான். எக்கவுண்டிங்கை விட்டு ஒரு வருஷமாச்சு. நீங்கள் ஊரெல்லாம் பறையடிச்சதுக்கு நான் என்ன செய்யிறது?" என்றேன். இரண்டாவது அடி முஷ்டியால் விழுந்தது. முகம் சிங்க்கின் விளிம்பில் போய் மோதியது. வாய்க்குள் கல் கடித்ததுபோல இருந்தது, அது என்னுடைய பல்லின் துண்டு. தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி இன்னும் இரண்டு கொடுத்தார். அம்மா குறுக்கே வருவார் என்று நினைத்தேன். அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார், அயலுக்குக் கேட்கக்கூடாதென்று.

நான் கத்தினேன். கத்தாதே என்று அண்ணை வலது கையால் என் வாயைப் பொத்தினார். நான் கடித்தேன். சும்மா ஒரு கடியல்ல. சின்னவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் கீழே சதையைக் கவ்வி, எலும்பு தட்டும்வரை இறுக்கினேன். அவர் என் தலையில் குத்தக் குத்த இன்னும் இறுக்கினேன். இப்போது கத்தியது அவர். ரத்தத்தில் எது என்னுடையது எது அவருடையது என்று தெரியவில்லை. விட்டபோது அவர் நிலத்தில் குந்தியிருந்து கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூட இருந்தது.

அடுத்த நாள் காலையில் உடுப்புப் பையோடு ஒரு சிநேகிதியின் அறைக்குப் போய்விட்டேன். மீதியை அம்மா பிறகு சொன்னார். அண்ணை கையில் மஞ்சளை அப்பிக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் கை பாண் போல ஊதி, முழங்கைவரை சிவப்புக் கோடு ஏறி, குலைப்பன் காய்ச்சலோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். என்ன கடித்தது என்று கேட்டிருக்கிறார்கள். தங்கச்சி கடித்தாள் என்று எப்படிச் சொல்வது? மானம் போய்விடாதா? "நாய்" என்றிருக்கிறார். யாருடைய நாய்? தெரியாது, தெருநாய், ஓடிவிட்டது. யாழ்ப்பாணத்தில் எடுபடக்கூடிய பொய். மொன்றியலில் ஏது தெருநாய்? அவர்கள் கலவரப்பட்டு, கையைக் கீறிச் சீழ் எடுத்ததோடு விசர்நாய் ஊசியும் போடத் தொடங்கிவிட்டார்கள். தவணை தவறாமல் போய் எல்லா ஊசியையும் வாய் திறக்காமல் போட்டுக்கொண்டார் மனுஷன். அந்த இரண்டு விரல்களும் பிறகு மடங்கவேயில்லை.

அந்தக் குளிர்காலம் வகுப்பில் மனித வாயின் நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்தோம். மனிதக் கடி எவ்வளவு ஆபத்தானதென்று விரிவுரையாளர் சொன்னபோது எனக்கு வெட்கம் வரவில்லை. என் உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டு, என்னுடைய கிருமிகள் அவருடைய கையைத் தின்றதை நினைத்து நான் பெருமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் எங்களுக்குள் கதைபேச்சு இல்லை. அவர் சட்டி தேய்ப்பதை விட்டுத் துறைமுகத்தில் கொன்ரெய்னர் இழுக்கும் லொறி ஓட்டப் போனார், கலியாணம் செய்தார், செயின்ட்-மிஷேலில் வீடு வாங்கினார். அம்மா அவரோடு. நான் வில்லரேயில் தனியாக. அவர் லொறியில் இருக்கும் நேரம் பார்த்து அம்மாவைப் போய்ப் பார்த்து வருவேன். செத்தவீடுகளில் நேருக்கு நேர் கண்டால், அவர் தன் பிள்ளைக்குக் கேட்கும்படி, "தள்ளி நில், நாய் நிக்குது" என்பார். எனக்கும் அவருக்கும் மட்டும் விளங்கும் பகிடி அது. கேட்கும் ஒவ்வொரு தரமும் அவர் கழுத்தைப் பிடித்து நெரிக்கவேண்டும்போல இருக்கும்.

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் என் கதவு மணி அடித்தது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்றார். அதுவரை என் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

"உங்கட அண்ணை சாகக் கிடக்கிறார்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வயிற்றுக்குள்ளே சூடாக ஒன்று எழும்பியது, அது சந்தோஷம்தான்.

மச்சாள் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, எனக்கு நோயின் பெயர் முந்தியே தெரிந்துவிட்டது. சி-டிஃப் என்று ஒரு கிருமி. பலருடைய குடலில் அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும், மற்றவர்கள் அதைத் தலைதூக்க விடமாட்டார்கள். கடுமையான அன்ரிபயாட்டிக் குளிசை உள்ளே போனால் அந்த மற்றவர்கள் கூண்டோடு செத்துப்போவார்கள். இது மட்டும் ஓட்டுக்குள் ஒளித்திருந்து, சுடுகாடான இடத்தில் எழும்பி நஞ்சைக் கக்கி, குடலின் உள்தோலை உரித்தெடுக்கும். ஒரு நாளைக்கு இருபது தரம் ரத்தமும் சளியுமாகப் போகும். மூன்று முறை மருந்து கொடுத்துவிட்டார்கள், மூன்று முறையும் திரும்பி வந்துவிட்டது. இனிப் பெருங்குடலை வெட்டி எடுப்பது. அதைத் தாங்குவாரோ தெரியாது. அதற்கு முன்னால் ஒரேயொரு வழி, சுகமாக இருக்கும் ஒருவரின் மலத்தைக் கரைத்து உள்ளே விடுவது. செத்த சண்டைக்காரர்களுக்குப் பதில் உயிருள்ள சண்டைக்காரர்கள்.

"குடும்பத்துக்குள்ள ஆள் இருந்தால் நல்லதாம். நான் போன மாதம்தான் சளிக்கு அன்ரிபயாட்டிக் எடுத்தனான், ஏலாது எண்டிட்டினம். பெடியன் இப்பதான் ஊருக்குப் போய் வயித்தாலடியோட வந்தவன். மாமிக்கு வயசு போட்டுது. நீங்கள்தான் மிச்சம்" என்றார் மச்சாள். "தான் ஆடாட்டிலும் தன் தசை ஆடும் எண்டு சொல்லுவினம்" என்றார்.

"தசை ஆடேல்லை மச்சாள். பல்லுத்தான் ஆடினது" என்றேன். "எழும்புங்கோ."

அவர் எழும்பவில்லை. அழவுமில்லை. "அவர் செய்தது எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ. எனக்குக் கை நீட்டினால் வெட்டுவன் எண்டு முதல் கிழமையே சொன்னனான், நீட்டேல்லை. உங்களை நான் கட்டாயப்படுத்தேலாது. சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டன்."

கதவுக்குப் போனவரை நான்தான் மறித்தேன். தொழில் புத்தி. "என்ன குளிசை போட்டவர்? ஆர் எழுதிக் குடுத்தது?"

"ஒருத்தரும் எழுதேல்லை. பல்லுக்குத்து. டென்டிஸ்ற்றிட்டப் போக நேரமில்லை எண்டு நிண்டார். மாமிதான் பேணியில கிடந்ததை எடுத்துக் குடுத்தவா."

பேணி என்றால் டென்மார்க் பிஸ்கற் வந்த அந்த நீல நிறத் தகரப் பேணி. எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒன்றில் ஊசிநூல் இருக்கும், ஒன்றில் மருந்து. யாருக்கோ எழுதிக் கொடுத்து மிஞ்சிய குளிசை, ஊரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது, எல்லாம் அதற்குள். எறிய மனம் வராது. ஆருக்கும் உதவும். அந்தப் பேணியை நான் பார்த்தே ஆகவேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டு மச்சாளோடு காரில் ஏறினேன்.

அம்மா குசினியில் இருந்தார். நான் நேரே அலுமாரியைத் திறந்து பேணியை மேசையில் கவிழ்த்தேன். குளிசை அட்டைகளுக்கு நடுவே ஒரு செம்மஞ்சள் போத்தல் உருண்டது. வெறும் போத்தல். ஒட்டியிருந்த தாளில் என் பெயர்.

அண்ணை உடைத்த அந்தப் பல்லின் வேர் இரண்டு வருஷத்துக்கு முந்தி சீழ் பிடித்தது. எனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. அதனால் பல் வைத்தியர் வேறொன்று எழுதினார். குடலைக் குடியழிப்பதில் பேர்போன குளிசை அது. எனக்கா தெரியாது? மருந்துக்கடையில் வாங்கினேனே தவிர ஒன்றுகூட விழுங்கவில்லை. வைத்தியரோடு சண்டைபிடித்து நேரே பல்லைப் பிடுங்குவித்தேன். அடுத்த நாள் அம்மாவைப் பார்க்கப் போனபோது கைப்பைக்குள் கிடந்த போத்தலை அம்மா கண்டுவிட்டார். "எறியப்போறியே? வை பிள்ளை, ஆருக்கும் உதவும்" என்றார். நானும் வைத்தேன். இந்த நகரத்தில் அந்தக் குளிசை என்ன செய்யும் என்று என்னளவு தெரிந்த தமிழர் எத்தனை பேர் இருப்பார்கள்? வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

"இதை ஏன் குடுத்தனீங்கள்?" என்று கத்தினேன்.

"பல்லுக்குத்துக்குப் பல்லு மருந்துதானே குடுத்தனான்? நீதானே கொண்டுவந்து வைச்சனீ" என்றார் அம்மா.

பேணியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். மேசையில் கிடந்ததையும் வாரி எறிந்தேன். குளிசைகள் குசினி முழுக்கச் சிதறின. "ஜன்னலைச் சாத்துங்கோவன்! இப்பவும் போய்ச் சாத்துங்கோ!" என்று கத்திக்கொண்டு அம்மாவை நோக்கிப் போனேன். என் கை மேலே போயிருந்ததை நான் அறியவில்லை. அம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிங்க்கோடு ஒடுங்கினார். எழுபத்தெட்டு வயது மனுஷி. வாசலில் மச்சாள் ஆடாமல் நின்றார்.

கையைக் கீழே இறக்க நேரம் எடுத்தது. நிலத்தில் முழங்காலில் இருந்து குளிசைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பைக்குள் போட்டேன். பொறுக்கி முடிந்ததும், "எந்த ஆஸ்பத்திரி?" என்று மச்சாளிடம் கேட்டேன். பாசம் ஒன்றும் பொங்கவில்லை. அந்தப் போத்தலில் என் பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

என் ரத்தத்தையும் மலத்தையும் பல நாள் சோதித்து, நான் தரலாம் என்றார்கள். ஆனால் வாங்கவேண்டியவர் மாட்டேன் என்றார். விளக்கிச் சொல்ல ஆஸ்பத்திரியில் ரெலிபோனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் சென்னைத் தமிழில், "சார், டெய்லி எத்தனை வாட்டி மோஷன் போறீங்க?" என்று கேட்க, அண்ணை ரெலிபோனை நிலத்தில் எறிந்துவிட்டாராம். கடைசியில் வைத்தியர் என்னைக் கேட்டார். நீங்கள் வந்து மொழிபெயர்ப்பீர்களா?

மஞ்சள் மேலங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். நாற்றம் எனக்குப் பழக்கம். ஆள்தான் பழக்கமில்லை. கதவை அடைக்கும் தோளுள்ள மனுஷன் கட்டிலில் ஒரு சேலை போலக் கிடந்தார்.

"நாய் வந்திட்டுது" என்றார், கண்ணை மூடிக்கொண்டே.

"ஓம், வந்திட்டன். எழும்பிக் கதை."

இருபது வருஷத்துக்கு முந்தி அடிவாங்கும்போதுகூட நீங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தார்.

"உன்ர பீயை எனக்குள்ள ஏத்தப் போறாங்களாம். அதுக்குச் சாகலாம்."

"அப்ப சா. சந்தோஷமாக் காவிக்கொண்டு போய் எரிக்கிறன். உன்னைக் கெஞ்சிக்கொண்டு நிக்க எனக்கு என்ன விசரே?"

தாதி ஓடிவந்து எட்டிப் பார்த்தார். வைத்தியர், இளம் வயதுக் கியூபெக் பெண், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். இன்னும் யோசிக்கிறார் என்று பிரெஞ்சில் சொன்னேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் விஷயத்தில் முதலில் என் வாய் அவருக்குள் போயிற்று, இப்போது என் வயிறு போகவேண்டியிருந்தது. அதை எந்த மொழியில் அந்தப் பெண்ணுக்குச் சொல்வது?

வைத்தியர் மருத்துவக் கோப்பைத் திறந்து கேள்விகளைத் தொடங்கினார். இந்த நோய்க்கு முன்னால் எடுத்த குளிசை எங்கிருந்து வந்தது? நான் தமிழில் கேட்டேன். "வீட்டில கிடந்தது. ஆற்றயோ மிச்சக் குளிசை" என்றார் அண்ணை.

அங்கேயே விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் வைத்தியரிடம், அது எனக்கு எழுதித் தந்த மருந்து, நான் அதை அந்த வீட்டில் விட்டது பெரிய பிழை என்று சொன்னேன். பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினேன்.

"என்ர குளிசை அது. நீ உடைச்ச பல்லுக்குத் தந்தது. ஆளைக் கொல்லும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அம்மான்ர பேணியில போட்டிட்டுப் போனனான். எனக்கு ஏலாமல் கிடக்குது அண்ணை. இதோட நீ செத்தால் நான் இருக்க மாட்டன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மூக்கு ஒழுகியது. கையுறையோடு துடைக்கவும் முடியாது. வைத்தியர் மரியாதைக்குச் சற்றுப் பொறுத்துவிட்டு, கோப்பின் பழைய பக்கம் ஒன்றைப் புரட்டினார். வலது கையில் கடுமையான தொற்று, சத்திரசிகிச்சை, விசர்நாய்த் தடுப்பூசிகள். நாய் கடித்ததா?

"உன்னை நாய் கடிச்சதோ எண்டு கேக்கிறா" என்றேன்.

அண்ணை தன் வலது கையைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் நீட்டியபடியே நின்றன.

"நாய் இல்லை எண்டு சொல்லு."

சொன்னேன்.

"தங்கச்சி எண்டு சொல்லு."

சொன்னேன். வைத்தியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அண்ணையே தொடர்ந்தார்.

"நான் அவளுக்கு அடிச்சனான். முகத்தில, முஷ்டியால. அவள் படிக்க ஆசைப்பட்டதுக்கு அடிச்சனான். பல்லு உடைஞ்சது. இன்னும் அடிச்சனான். எல்லாத்தையும் சொல்லு. விடாமல் சொல்லு."

இருபது வருஷமாக நான் ஒருவருக்கும் சொல்லாத விஷயம். சிநேகிதிக்குக்கூடப் படியில் விழுந்தேன் என்றுதான் சொன்னேன். அண்ணை நாய் என்று சொன்ன பொய்க்கு அது ஒன்றும் குறைந்ததல்ல. அந்த அறையில், மஞ்சள் மேலங்கியோடு நின்று, ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். அவருக்குப் பிரெஞ்சு அரைகுறை. ஆனாலும் நான் முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அறைக்கு வெளியே நடையில் வைத்தியர் என்னைத் தனியாக மறித்தார். "இதை நீங்கள் தரவேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. உங்களுக்கு விருப்பமில்லையென்றால் பரிசோதனையில் ஏதோ பிழை என்று நான் சொல்லிவிடுவேன், ஒருவருக்கும் தெரியாது" என்றார். நல்ல பெண். நான் தருகிறேன் என்றேன். உள்ளே அண்ணை மூன்று விரலால் பேனையைப் பிடித்து, கோணல்மாணலாகக் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

தரவேண்டிய நாள் காலையில் எனக்கு வரவேயில்லை. பதினைந்து வருஷமாக, நேரத்துக்குத் தராத ஆட்களை ஏசிக்கொண்டிருந்தவள் நான். ஆஸ்பத்திரிக் கழிவறையில் அந்தப் பிளாஸ்ரிக் பாத்திரத்தோடு ஒரு மணித்தியாலம் இருந்தேன். வெளியே மச்சாள் கதவில் தட்டி, "கோப்பி வாங்கிக்கொண்டு வரட்டோ?" என்றார். அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வயிறு இளகியது. மூடியை இறுக்கிக் கொடுத்தபோது டப்பா சூடாக இருந்தது. அதை வாங்கிய பெண் என் முகத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் சரிபார்த்தார். அதே மாதிரிப் பிளெண்டர்தான் அங்கேயும் இருந்திருக்கும். அடிபட்டு, வடிபட்டு, மத்தியானத்துக்கு முன்னால் என் சண்டைக்காரர்கள் அண்ணைக்குள் போய்விட்டார்கள்.

ஐந்து நாள் ஒரு செய்தியும் இல்லை. நான் மச்சாளுக்கு ரெலிபோன் எடுக்கவில்லை, பயம். ஆறாம் நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கையும் இருந்தபோது ரெலிபோன் அடித்தது. கையை இழுத்து எடுத்துப் பார்த்தேன். தெரியாத இலக்கம்.

"நாயே" என்றார்.

"ம்."

"இண்டைக்குக் கட்டியாப் போனது."

ஆய்வுகூடத்தின் நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். பேராசிரியர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இப்போது அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுக்கிறார். திரும்ப லொறி ஓட்டுகிறார், ஆனால் கொன்ரெய்னர் பூட்டும் பாரவேலை ஏலாது. நான் மன்னித்துவிட்டேனா என்று அம்மா கேட்டார். இல்லை என்றேன். அந்தக் குசினியை நினைத்தால் இப்போதும் கடிக்கத்தான் வருகிறது. நாங்கள் கதைப்பதெல்லாம் மலம்தான். எத்தனை தரம், என்ன நிறம், என்ன சாப்பிட்டார். பிறகு வைத்துவிடுவோம்.

போன ஞாயிறு எல்லாம் கேட்டு முடிந்தும் அவர் வைக்கவில்லை.

"அந்தப் பல்லு" என்றார். "பிடுங்கேக்க நொந்ததோ?"

"பிடுங்கேக்க நோகேல்லை" என்றேன். "உடைக்கேக்கதான் நொந்தது."

மறுமுனையில் அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவர் ரெலிபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.